சொல்லியாச்சுல்ல, அப்புறமென்ன?

எங்கள் வீட்டுக்கு டீச்சர் வந்த முதல் நாளே என் மகள் அவரை வெளியே போகச் சொன்னாள். அவரும் போய்விட்டார்.

அப்போது யாழினிக்கு ஆறு வயது. காது நன்றாகக் கேட்கும். நாம் சொல்வதெல்லாம் புரியும். பேச்சு மட்டும் வரவில்லை. தேனியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு மையத்தில், படத்தைத் தொட்டால் பேசுகிற டேப் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். சோறு படத்தைத் தொட்டால் ‘சோறு’ என்று சொல்லும். அதை வீட்டில் எப்படிப் பழக்குவது என்று எங்களுக்குச் சொல்லித் தரத்தான் டீச்சர் சனிக்கிழமைதோறும் பழனிசெட்டிபட்டியிலிருந்து பஸ் ஏறிக் கம்பம் வந்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. வாட்டசாட்டமான உடம்பு, கரகரத்த குரல், வெயிலோ மழையோ கையில் குடை.

‘போ’வுக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்ததும் “டேப் எங்கம்மா?” என்று கேட்டார். நான் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து உறையோடு எடுத்து வந்து கொடுத்தேன். பிள்ளை கீழே போட்டு உடைத்துவிடக் கூடாதே என்ற பயம்.

டீச்சர் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, உன் வாயக் கழட்டி அந்தப் பட்டுச் சேலைக்கு அடியில வச்சுப் பூட்டிட்டு, வேணுங்கிறப்ப எடுத்துத் தரட்டுமா?”

எனக்குத் தையல் தெரியும் என்றதும் டேப்புக்கு ஒரு பை தைத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டச் சொன்னார். குளிக்கிற நேரம், தூங்குகிற நேரம் தவிர அது அவள் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

அப்புறம்தான் காபி கொடுத்தேன். டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போது யாழினி டேப்பில் எதையோ தேடி, ‘போ’வைத் தொட்டாள்.

“சும்மா அமுக்குறா டீச்சர், நீங்க குடிங்க,” என்றேன்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். பையைத் தோளில் மாட்டினார். குடையை எடுத்தார்.

“போன்னு சொல்லியாச்சுல்ல, அப்புறமென்ன?”

என் கணவர் பின்னாலேயே ஓடினார். கம்பத்திலிருந்து மலையேறி, கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவர் அவர். எவ்வளவோ பிடிவாதக்காரர்களைச் சமாதானம் பண்ணி வண்டியில் ஏற்றியவர். டீச்சரிடம் ஒன்றும் நடக்கவில்லை. தேனி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் வந்தார். யாழினி அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மறுபடி ‘போ’வைத் தொட்டாள். மறுபடி எழுந்தார். “இதுக்கா அங்கன இருந்து பஸ்ஸுக்குக் காசழிச்சு வர்றாக?” என்று என் மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த முறை டீச்சர் விவரமாக பஸ் ஸ்டாண்டிலேயே காபி குடித்துவிட்டு வந்திருந்தார். ‘போ’ வந்தது. எழுந்து வாசல் வரை போயிருப்பார். பின்னாலிருந்து ‘வா’ என்று சத்தம் வந்தது. திரும்பி வந்தார். உட்காரப் போகும்போது ‘போ’. போனார். ‘வா’. வந்தார். யாழினி குதியோ குதியென்று குதித்தாள். எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மனுஷி குடையும் பையுமாக எங்கள் வீட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்ததைத் தெருவே பார்த்தது.

கடைசியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “விரலால தொட்டா இம்புட்டுப் பெரிய உருப்படி நகருதுன்னு இன்னைக்கிப் புரிஞ்சிருச்சும்மா அவளுக்கு. இனி விடவே மாட்டா.”

விடவில்லைதான். கொஞ்ச நாளில் டீச்சர் உள்ளே நுழைந்ததும் யாழினி ‘யானை’யைத் தொட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சர் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். “படத்துல பாத்தத நேர்ல பாத்துப் பொருத்திச் சொல்லுதே, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். அன்று முழுக்க அவரை யானை என்றுதான் அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டபோதெல்லாம் டீச்சர் “என்னடி கண்ணு?” என்று திரும்பினார்.

அவர் எங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்தான் கொடுமை. பிள்ளை பேசுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளையின் கண்முன் நாமும் அதே டேப்பில் பேச வேண்டும் என்பார். “உங்க வாயப் பாத்தா நீங்க பேசப் பழகுனீக? உங்க அம்மா வாயப் பாத்துத்தான? அவ டேப்புல பேசுறவங்கள எங்கன பாப்பா? இந்த வீட்ட விட்டா வேற நாடு இருக்கா அவளுக்கு?”

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, வேண்டியதை டேப்பில்தான் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. மாமனார் மட்டும் “எனக்கு வாய் இருக்கு” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் ‘சோறு’ என்றார். போட்டேன். குழம்பைத் தேடினார், டேப்பில் குழம்பு இல்லை. மறுபடி ‘சோறு’ என்றார். மறுபடி போட்டேன். கண்ணால் அடுப்பைக் காட்டினார். கண்ணெல்லாம் செல்லாது என்று நான் தலையாட்டினேன். ‘போதும்’ என்ற படமும் இல்லை. கோபத்தில் ‘தண்ணி’யைத் தொட்டார். சோற்றில் தண்ணீரை ஊற்றினேன். கோழிக் குழம்பு வாசத்தை மோந்துகொண்டே வெறும் நீர்ச்சோற்றைத் தின்று முடித்தார் அந்த மனுஷன். யாழினி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

டீச்சர் வந்ததும் என் கணவர் முதல் வேலையாகப் புகார் சொன்னார். டீச்சர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு ஒரு வேளை. அவளுக்கு எல்லா வேளையும்,” என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து குழம்பு, கருவாடு, இன்னும் கொஞ்சம், போதும், ஜீப், மழை என்று என் கணவரே ஒவ்வொன்றாகப் படம் எடுத்துச் சேர்த்தார்.

டீச்சர் தன் பங்குக்கு ‘லூசு’ சேர்த்தார்.

“பச்சப் பிள்ளைக்குக் கெட்ட வார்த்த சொல்லிக் குடுக்குற டீச்சர இங்கனதான் பாக்குறேன்,” என்றார் மாமனார்.

“கோவம் வந்தா கடிக்கிறாளா இல்லையா?”

“கடிக்கிறா.”

“கடிக்கிறதுக்கு இது தேவலையா இல்லையா?”

முதல் ‘லூசு’ மாமனாருக்கே கிடைத்தது. டிவியில் பொம்மைப் படம் ஓடும்போது செய்திக்கு மாற்றிவிட்டார். வழக்கமாகக் கையில் பல் பதிந்திருக்கும். அன்று தாத்தாவை முறைத்துவிட்டு, கொஞ்சம் தேடி, ‘லூசு’. மாமனார் என்னிடம் வந்து முறையிட்டார். ஆனால் சாயங்காலம் டீக்கடையில், “எம் பேத்தி என்னையவே லூசுன்னுட்டால்ல!” என்று எல்லோரிடமும் சொன்னதாக என் கணவர் கேட்டுவிட்டு வந்தார்.

மாமனாரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர். பந்தலுக்கு அடியில் அவர் பேசினால் அடுத்த தோட்டத்து ஆள் பதில் சொல்வான். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். யாழினியிடம் டீச்சர், “பாலா, பிஸ்கட்டா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். காத்திருப்பதென்றால் அப்படி ஒரு காத்திருப்பு. அசையமாட்டார், முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சின்ன விரல் மெதுவாகக் கிளம்பும். அதற்குள் மாமனார், “பாலுதான் கேக்கும், எனக்குத் தெரியாதா?” என்பார். விரல் திரும்பிவிடும். டீச்சர் அவரை நோக்கிக் கையை உயர்த்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்பார். ஒருமுறை அந்த அமைதி தாங்காமல் மாமனார், “என்னத்தா, கரண்டு போயிருச்சா?” என்று என்னைக் கேட்டார்.

அந்த வீட்டில் வளர்ந்த இன்னொரு பிள்ளை என் நாத்தனார் கௌசல்யா. என் கணவரின் தங்கை. பி.காம் முடித்துவிட்டுக் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். தலை குனிந்து போவாள், தலை குனிந்து வருவாள். அப்பா முன்னால் அவள் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. கேள்வி அவளிடம் இருக்கும், பதில் அப்பாவிடமிருந்து வரும்.

டேப்பில் முதலில் இருந்த குரல் செய்தி வாசிக்கிற மாதிரி ‘எனக்கு வேண்டாம்’ என்றது. கம்பத்தில் எந்தப் பிள்ளை அப்படிப் பேசும்? வீட்டுப் பேச்சில் யாராவது பதிந்து கொடுங்கள் என்று டீச்சர் சொன்னார். என் குரல் தடித்தது. கௌசல்யாவுக்குக் கீச்சென்று குழந்தை மாதிரிக் குரல். கதவைச் சாத்திக்கொண்டு எல்லா வார்த்தையையும் அவள்தான் பதிந்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் நாள் முழுக்கக் கௌசல்யாவின் குரல் ‘வேணும்’, ‘வேணாம்’, ‘லூசு’ என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு மகளைத் திரும்பிப் பார்ப்பார்.

டீச்சரின் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்ததும் அவள்தான். ‘பிடிக்கும்’, ‘பிடிக்கல’ இரண்டையும் பழக்க டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தார். தினமும் சாயங்காலம் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, நமக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்பதை நாமே தொட்டுக் காட்ட வேண்டும். “பொய் மட்டும் சொல்லாதீக. பிள்ளைக கண்டுபிடிச்சிரும்,” என்றார். அத்தையும் மருமகளுமாகக் கௌசல்யாவும் யாழினியும் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு பல்லி, பாகற்காய், ஐஸ், மல்லிகைப்பூ என்று விளையாடுவார்கள். பல்லிக்கு இருவருமே ‘பிடிக்கல’.

அந்தச் சமயத்தில்தான் கௌசல்யாவுக்குச் சின்னமனூர்ப் பக்கமிருந்து வரன் வந்தது. நல்ல குடும்பம், திருப்பூரில் வேலை. மாப்பிள்ளையின் போட்டோ டிவி மேல் இருந்தது. “பிடிச்சிருக்காத்தா?” என்று மாமனார் மகளிடம் கேட்டார். அவள் வாய் திறக்குமுன், “பிடிக்காம என்ன?” என்று அவரே சொல்லிவிட்டு, சனிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை டீச்சர் வருகிற நாள். வேலை மும்முரத்தில் நான் போன் பண்ண மறந்துபோனேன். கேசரி கிண்டிக்கொண்டிருக்கும்போது குடை வந்து நின்றது. மாமனார் என்னை முறைத்தார். பிறகு டேப்பைப் பார்த்தார்.

“டீச்சரம்மா, வந்தது வந்துட்டீக, இருங்க. ஆனா இன்னைக்கி ஒரு நா மட்டும் அந்தப் பொட்டிய உள்ள வச்சிருவம்.”

“தாராளமா வச்சிருவம்யா. அய்யாவும் இன்னைக்கி ஒரு நா மட்டும் வாய் திறக்காம இருப்பீகளா?”

மாமனார் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். முடியாது என்று அவருக்கே தெரிந்தது. டேப் யாழினியின் கழுத்திலேயே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். டீச்சரைப் பெண்ணின் பெரியம்மா என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மா அவரருகிலேயே உட்கார்ந்து, “பொண்ணு அதிகம் பேசாதுன்னாக. அதான் எங்களுக்கும் வேணும்,” என்றார். டீச்சர் ஒரு மிக்சர் துண்டைக் கடித்துக்கொண்டு, “அப்பிடியா?” என்றார்.

மாப்பிள்ளை ஓரத்தில் கூச்சமாக உட்கார்ந்திருந்தார். யாழினி அவரைக் கண்டதும் அப்படியே நின்றாள். டிவி மேல் இருந்த போட்டோவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். நேராக அவரிடம் போய், சட்டைப் பித்தானில் ஒரு விரலை வைத்தாள். மறுகையால் டேப்பைத் தொட்டாள்.

‘அத்தை.’

எல்லோரும் சிரித்தார்கள். “ஆமாடா செல்லம், அத்தையத்தான் பாக்க வந்துருக்கோம்,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

‘பிடிக்கல.’

மாப்பிள்ளையின் அம்மா உள் அறைக் கதவைப் பார்த்தார். “இப்பப் பேசுனது பொண்ணுல்ல?”

“இல்ல இல்ல, மிசினு! மிசினு பேசுச்சு!” என்று மாமனார் எழுந்தார்.

“பொம்பளப் பிள்ளை குரலாவுல்ல இருக்கு?”

அந்த நேரம் பார்த்துக் கௌசல்யா காபித் தட்டோடு வந்து, “வாங்க,” என்றாள். அதே குரல். மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் டீச்சரின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டினார். “சேத்துருச்சு! ரெண்டு வார்த்தைய வாக்கியமாச் சேத்துருச்சு! ஏ கண்ணு! எம்புட்டு நாளாச்சு இதுக்கு!” யாழினியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். சுற்றி நின்றதும், எப்போதும் கேட்கிற கேள்வியை அதே உற்சாகத்தோடு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

“தானா வராதே இது. யாரு தொட்டுக் காமிச்சா பிள்ளைக்கு?”

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போய் விழுந்தது என்று அவருக்கே உறைத்தது. கௌசல்யா தட்டோடு இன்னும் தலை குனிந்தாள். மாடிப்படியில் மாப்பிள்ளையின் போட்டோவும் ஒருநாள் விளையாட்டுக்கு வந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“சின்னப் பிள்ள, அத்தையோட எதாச்சும் சண்டையா இருக்கும். அத்தையப் பிடிக்கலைங்குது, வேறென்ன?” என்று மாமனார் சமாளித்தார்.

மாப்பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார்: “விரல எம்மேல வச்சுல்ல சொல்லுச்சு? அவுகளையே ஒரு வார்த்த கேட்டுருவமே.”

மாமனார் வாயைத் திறந்தார். டீச்சர் கையை உயர்த்தினார். யாழினிக்காக எத்தனையோ தடவை உயர்த்திய கை அது. பழக்கதோஷத்தில் மாமனாரின் வாய் மூடிக்கொண்டது. யாழினி டீச்சரின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அத்தையின் எதிரில் போய் நின்று, கழுத்தில் தொங்கிய டேப்பை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினாள்.

“தட்டக் குடு. கையில தட்ட வச்சுக்கிட்டு எப்பிடிப் பேசுறது?” என்று டீச்சர் காபித் தட்டை வாங்கிக்கொண்டார்.

பிறகு காத்திருந்தோம். வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். டீச்சர் தட்டோடு அசையாமல் கௌசல்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை கட்டியது. கௌசல்யாவின் விரல் கிளம்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது.

‘வேணாம்.’

“சொல்லியாச்சுல்ல, அப்புறமென்ன?” என்று டீச்சர் முணுமுணுத்தார். அப்புறம் ஒவ்வொருவரிடமும் போய், “காபி ஆறுது, எடுத்துக்கங்க,” என்று தட்டை நீட்டினார். மறுக்கத் தெரியாமல் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை முழுதாகக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, மாமனாரிடம், “இப்பச் சொன்னது நல்லதுங்க மாமா,” என்று கும்பிட்டுப் போனார். சம்பந்தம் இல்லையென்று ஆன பிறகும் ‘மாமா’ என்றது அவருக்கே தெரிந்திருக்காது.

வேன் கிளம்பியதும் மாமனார் எங்களைப் பிடித்துக்கொண்டார். மானம் போச்சு, சின்னமனூர் வரைக்கும் போச்சு என்று சத்தம். டீச்சரைப் பார்த்து, “உங்கள நாங்க வரச் சொன்னது பிள்ளையப் பேச வைக்க. வீட்டுல உள்ள எல்லாத்தையும் பேச வைக்க இல்ல,” என்றார்.

“ஏன் பிடிக்கலன்னாச்சும் சொல்லுச்சா?” என்றும் கேட்டார்.

“கத்திரிக்கா வேணாம்னா ஏன்னு கேக்குறீகளாய்யா? தட்டுல வைக்காம விடுறீகல்ல?” என்று சொல்லிவிட்டு டீச்சர் குடையை எடுத்தார். ஆனால் அவர் முகம் தெளிவாக இல்லை.

பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். “அவங்க முன்னாடி நான் அப்பிடிக் கேட்டுருக்கக் கூடாதும்மா. பிள்ளை வாக்கியம் பேசுனதுல எனக்கு ஊரே மறந்துபோச்சு,” என்றார். சும்மா பேச்சை மாற்ற, “உங்களப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க என்ன சொன்னீக டீச்சர்?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன, நல்லாப் பேசுவேன். பிடிக்கலன்னு எங்கப்பாகிட்டச் சொன்னேன். அம்மாகிட்டச் சொன்னேன். கல்யாணத்தன்னைக்கி ஐயர்கிட்டயும் சொன்னேன்.” சிரித்தார். “வாய் இருந்துச்சும்மா. காதுதான் ஒருத்தருக்கும் இல்ல.”

அதற்குமேல் கேட்பதற்குள் தேனி பஸ் வந்துவிட்டது. நல்ல கூட்டம். குடையை முன்னால் நீட்டி வழி பண்ணிக்கொண்டு ஏறினார். ஏறியபின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “கேசரியில ஏலக்காய் கூடிப்போச்சு!” என்று கத்தினார்.

அதன்பின் வெகுநாள் வந்தார். பிறகு மகளோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். இன்றைக்கு யாழினி வாக்கியம் வாக்கியமாகச் சண்டை போடுகிறாள். டீச்சரை நினைக்கும்போது எனக்கு அந்தச் சனிக்கிழமையின் மிச்சப் பொழுதுதான் முதலில் வரும்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து நான் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. கௌசல்யா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமனார் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே யாழினி, கேசரி தின்றுகொண்டு. அவள் கழுத்தில் மாட்டியிருந்த டேப்பைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதுவரை ஒருநாளும் அதைத் தொடாத மனுஷன், படம் படமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தம் தாழ்த்திக் கேட்டார்:

“ஏத்தா, இதுல ‘சரி’ங்கிறது எங்கன இருக்கு?”

நானும் குனிந்து தேடினேன். எவ்வளவோ வார்த்தை போட்டிருந்தோம். அதைப் போட ஏனோ ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அது இதுல இல்ல மாமா,” என்றேன். “வாயாலதான் சொல்லணும்.”

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளறைக் கதவைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார்.